கிருத்திகை அன்று மட்டும் வரும் பஸ்

கதவைத் திறந்தேன். வாசலில் நின்ற அம்மாளின் வலது கையில், பத்திரிகையில் வந்த என் மலைக் கட்டுரை இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, வியர்வையில் ஊறிக் காய்ந்த பக்கம். இடது கையில் ஒரு செருப்பு.

செருப்பை எதற்குக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நான் யோசித்த அந்த ஒரு நொடியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

"ஸ்டெல்லா டீச்சர் நீங்கதானே?"

"ஆமாங்க."

"நீங்க எழுதின பஸ் வரலை" என்றார் அவர்.

மதியம் மூன்று மணி. புரட்டாசி வெயில். மந்தைவெளியில் எங்கள் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வந்தார், உட்கார்ந்தார், சொம்புத் தண்ணீரை வாய் வைக்காமல் முழுவதும் குடித்தார். அப்புறம்தான் செருப்பைக் கீழே வைத்தார்.

"வழியில வார் அறுந்துடுத்து" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பெயர் வைதேகி. மயிலாப்பூர், குளத்துக்குப் பின்னால் ஒரு தெரு. என் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. தெருப் பெயரை நான் எழுதுவதே கிடையாது. ஆனால் மந்தைவெளி மார்க்கெட்டில் நான் வழக்கமாக ரஸ்தாளி வாங்குகிற கடையைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தொலைத்திருந்தேன். அங்கே போய்க் கேட்டிருக்கிறார். பழக்காரர் என் மாடி, கதவு நம்பர், நான் மதியம் தூங்குகிற நேரம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பக்கத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வைதேகி வாசித்தார். "'அடிவாரத்திலிருந்து அரைமணிக்கு ஒரு பஸ் உண்டு. வயதானவர்களும் பயமில்லாமல் போய் வரலாம்.' இது நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான்."

"பயமில்லாமன்னு எழுதியிருக்கேளே, அதை நம்பிண்டுதான் அவரை அழைச்சுண்டு போனேன்."

குடிக்காத மனிதர்

அவர் என்பது அவருடைய கணவர் ராகவன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை மாதம் ஒருநாள் காலை, லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனவர், நடைபாதையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். காதுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறுவதால் வருகிற தலைசுற்றல் அது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆபத்தில்லை, உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும், நன்றாக நடக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஆனால் விழுந்த இடத்தில் கூட்டம் கூடியிருக்கிறது. கூட்டத்தில் ஒருவன் சொன்னது ராகவன் காதில் விழுந்திருக்கிறது. அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது, பக்கத்தில் யாருமே இல்லாத என் வீட்டில், வைதேகி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"'காலங்காத்தாலயே ஊத்திக்கினு வுயுந்து கெடக்குது பாரு பெருசு'ன்னானாம். காபிக்கு மேல ஒண்ணும் தெரியாத மனுஷன் டீச்சர். அதுக்கப்பறம் படி இறங்கலை."

ஐந்து மாதம். முதல் மாடியிலிருந்து கீழே வரவில்லை. டாக்டரிடம் போகக்கூட ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகுதான் இறங்குவார். வைதேகி கெஞ்சியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். கடைசியில் என் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறார். தெரிந்தவர் யாரும் பார்க்காத ஊர், சின்ன மலை, நல்ல படி, அரைமணிக்கு ஒரு பஸ். எப்படியோ தலையை ஆட்டிவிட்டார் மனிதர்.

போனார்கள். கால்வாசி ஏறினார்கள். சந்தோஷமாகவே இறங்கினார்கள். பதினொரு மணிக்கு அடிவாரத்தில் நின்றார்கள். பஸ் வரவில்லை. பன்னிரண்டு, ஒன்று, வரவில்லை. ஆட்டோ இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஒன்றரை மணிக்கு ராகவனுக்குத் தலை சுற்றியது. பால் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"மறுபடியும் கூட்டம்" என்றார் வைதேகி. "கண்ணைத் திறக்கவே இல்லை அவர். தலை சுத்தறது நின்னப்பறமும் திறக்கலை. பால் வண்டிக்காரன்தான் மெயின் ரோட்டுல கொண்டு விட்டான். ஆத்துக்கு வந்து நாற்காலியில உட்கார்ந்துண்டு, இனிமே என்னை எங்கேயும் கூப்பிடாதேன்னு சொன்னார். அஞ்சு மாசம் பாடுபட்டேன் டீச்சர். ஒரே நாள்ல பண்ணிட்டேள்."

நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுதான் மிகச் சுருக்கமானது.

என் சட்டங்கள் மூன்று

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக, நான் எப்படி இந்த வம்பில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பூகோளம் நடத்தினேன். கிழக்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் காலால் ஏறிய ஒரே மலை பரங்கிமலை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பங்கிலிருந்து கும்பலாகப் போவோம். சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டே படியேறுவதில் மூச்சு வாங்குகிறதா, பக்தி பொங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலே போனதும் மற்றவர்கள் கோயிலுக்குள் நுழைவார்கள். நான் சுவரோரம் நின்று, தெற்கே நீலமாகத் தெரிகிற மேடுகளைப் பார்ப்பேன். அங்கே என்ன இருக்கிறது? யாரைக் கேட்டாலும் "அதுவா, ஏதோ மலை" என்பார்கள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே கிளம்பிவிட்டேன். காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வந்திருந்தது. முகத்தில் பிங்க் வண்ணம் அடித்துக்கொண்டு வருமே, அதுதான். கண்டக்டர் பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம், பரீட்சையில் பூஜ்யம் வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகும் மாணவி மாதிரி எனக்கு ஒரு குஷி.

எனக்கு மூன்று சட்டங்கள். பஸ்ஸும் ரயிலும் போகாத மலைக்கு நான் போவதில்லை. வழியைத் தெரிந்துகொள்ளப் போனைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் கேட்பேன். போய் வந்த தேதியை எழுதுவதில்லை. 'ஒரு மழைக்குப் பிந்தின காலை' என்று எழுதினால் அதில் இருக்கிற அழகு தேதியில் இல்லை என்பது என் எண்ணம். அந்த மூன்றாவது சட்டம்தான் என் தலையில் கல்லைப் போட்டது.

பங்குக் கோயில் காலண்டர்

"நான் கண்ணால பார்த்தேன் மாமி" என்று வைதேகியிடம் சாதித்தேன். "ஒண்ணு போனா ஒண்ணு வந்துச்சு. நின்னுக்கிட்டே எண்ணினேன்."

"என்னிக்குப் போனேள்?"

"ஆவணியில ஒரு நாள்."

"என்ன தேதி?"

கட்டுரையில் எழுதாவிட்டாலும் என் நோட்டில் தேதி இருக்கும். எடுத்து வந்து காட்டினேன். வைதேகி தன் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனார். விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்குக் கிருத்திகை."

நான் நோட்டை மூடினேன்.

"மலை மேல யார் கோவில்?"

"முருகன்."

"கூட்டம் இருந்துதா?"

"இருந்துச்சு."

"பால்குடம்?"

"ரெண்டு மூணு பார்த்தேன்."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"பக்தியுள்ள ஊர்னு நினைச்சேன்" என்றேன்.

கிருத்திகை என்றால் முருகனுக்கு விசேஷம் என்பது தெரியாத அளவுக்கு நான் வேறு கிரகத்தில் பிறக்கவில்லை. அது எந்த நாளில் வரும் என்பதுதான் தெரியாது. என் சமையலறையில் தொங்குவது பங்குக் கோயில் காலண்டர். அதில் சாம்பல் புதன் இருக்கும், பெரிய வெள்ளி இருக்கும், ஒவ்வொரு புனிதரின் திருநாளும் சிவப்பில் இருக்கும். கிருத்திகை இருக்காது. மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அந்த மலைக்கு விசேஷ பஸ் விடுகிறார்கள். மற்ற நாட்களில் காலையில் ஒன்று, மதியம் இரண்டரைக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

தேதியை எழுதியிருந்தால் வைதேகி ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். நான்தான் அழகாக எழுதினேனே!

பத்திரிகைக்குப் போன் செய்து சொன்னேன். திருத்தம் போட்டார்கள். ஒரு நகைச்சுவைத் துணுக்குக்குக் கீழே இரண்டு வரி. அது போதாது என்று எனக்குத் தெரியும். இந்த முறை அந்த மலையின் பெயரை எழுதப்போவதில்லை. செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாராவது கிருத்திகை பார்க்காமல் கிளம்பிப் போய், இன்னொரு செருப்பு என் வாசலுக்கு வர வேண்டாம்.

புள்ளிக்கோடு

மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். மயிலாப்பூர் வீட்டின் கூடத்தில் வைதேகி காபி கொடுத்தார். ராகவன் அறைக்குள் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நான் சொல்ல வந்ததைக் கதவைப் பார்த்துச் சொன்னேன். முழுத் தப்பும் என்னுடையது, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்றேன். ஒரு மின்விசிறிச் சத்தம்தான் வந்தது.

செருப்பை மாட்டிக்கொள்ளும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"படியில ஒரு மண்டபம் வரதே, அதுக்குப் பின்னால இடது பக்கமா ஒரு பாதை பிரியறது. அது எங்கே போறது?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பாதை இருப்பதையே நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கூட்டம், சுக்குக் காப்பிக்காரர், படியில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம்.

"தெரியாது சார்" என்றேன்.

"அது வண்டிப்பாதை" என்றபடி வெளியே வந்தார் ராகவன். ஒல்லியான, உயரமான மனிதர். வீட்டுக்குள்ளும் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டிருந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். மலை, கோவில், மண்டபம். மண்டபத்திலிருந்து மலையின் முதுகைச் சுற்றிக்கொண்டு போகிற இரட்டைப் புள்ளிக்கோடு. கோடு மலைக்கு அந்தப்புறம் இறங்கி, ஏரியைத் தொட்டு, மெயின் ரோட்டில் போய் முடிந்தது.

"அந்த ஊர் வரைபடத்தை நாலு தடவை டிரேஸ் பண்ணியிருக்கேன் டீச்சர். சர்வே நம்பர்கூட ஞாபகம் இருக்கு. நேர்ல போனதில்லை. எந்த ஊருக்குமே போனதில்லை. நாங்க வரையறவா, அளக்கறவா வேற. அன்னிக்கு இவளோட படியேறறப்போ, நான் வரைஞ்ச புள்ளிக்கோடு நிஜமாவே மண்ணுல கிடக்கு! பார்த்துண்டே நின்னேன். கீழே இறங்கினப்பறம் நடந்தது உங்களுக்குத் தெரியுமே."

"ராத்திரி பகல் அதே நினைப்புதான்" என்றார் வைதேகி. "படி இறங்க மாட்டார். ஆனா படுத்துண்டே அந்தப் பாதையில நடந்துண்டிருக்கார்."

"போய்ப் பார்த்துடலாம் சார்" என்றேன்.

ராகவன் பென்சிலைக் கீழே வைத்தார். முகம் இறுகிவிட்டது. "நான் வரலை. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்கோ."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வைதேகி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாதையை நான் பார்த்து வந்து சொல்லிவிட்டால், அவரை வெளியே இழுக்கக்கூடிய ஒரே கயிறும் அறுந்துவிடும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் சொன்னா தப்பாத்தான் இருக்கும் சார்" என்றேன். "அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே."

ராகவன் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. ஆனால் உடனே சம்மதித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழியில் வைதேகிக்குக் கச்சேரிக்குப் போகவே நேரம் போதவில்லை. நான் வாரத்துக்கு ஒருமுறை போய்க் காபி குடித்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் ஒரு கோடு கூடியிருக்கும். தை பிறந்த பிறகு ஒருநாள், நான் கேட்காமலேயே, "கிருத்திகை இல்லாத நாளாப் பாருங்கோ" என்றார்.

மலையின் முதுகு

வியாழக்கிழமை. தேதியும் எழுதிவைத்திருக்கிறேன், கேட்டால் சொல்கிறேன்.

அவர்கள் வீட்டுப் படி இருபத்திரண்டு. ராகவன் ஒவ்வொன்றாக இறங்கினார். வைதேகி அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினார், விழுந்தால் பிடித்துவிடுகிறவர் மாதிரி. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ராகவன் தலையைத் திருப்பவே இல்லை. கழுத்து அப்படி விறைத்திருந்தது.

பஸ்ஸில் சைதாப்பேட்டை, அங்கிருந்து மின்சார ரயில். தாம்பரம் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்தார். வண்டலூர் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். ரயிலுக்கு வெளியே ஓடுகிற ஒவ்வொரு ஏரிக்கும் எல்லை எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி ஏரிகள் அங்கே இல்லை, வீடுகள்தான் இருந்தன. "இருந்ததே, வரைஞ்சேனே" என்று முணுமுணுத்தார்.

செங்கல்பட்டில் டவுன் பஸ் கண்டக்டரிடம் இரண்டரை மணி பஸ் நிச்சயம் வருமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர், "நான்தாம்மா அந்த பஸ்ஸுக்கும் கண்டக்டரு. நான் வர்லன்னா பஸ்ஸும் வராது. போதுமா?" என்றார்.

படியில் ஆளே இல்லை. இதே படியா நான் பார்த்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் பாதை இருந்தது. இரண்டு பக்கமும் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்திருந்தது. வெயில் பட்ட பாறையின் மணமும் ஆட்டுப் புழுக்கையின் மணமும் கலந்து வந்தன. பாறையில் பழைய வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் இருக்கிறதா என்று ராகவன் குனிந்து குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் இருந்தது! விரலை அந்தக் குழிக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார். நானும் தடவினேன். வைதேகியும் தடவினார். மூன்று பேரும் ஏதோ பெரிய புதையலைக் கண்டுபிடித்த மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அரைமணி நடந்திருப்போம். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. திரும்பிய இடத்தில் பாதை இல்லை.

மலையே இல்லை. கல் உடைத்து உடைத்து, அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். காலடியில் செங்குத்தான பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில், ஏரியும் மெயின் ரோடும் தெரிந்தன.

ராகவன் சட்டைப் பையிலிருந்து தன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார் வைதேகி, கிண்டலாகத்தான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏனென்றால் ராகவன் பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்துகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

கூட்டம்

தலைசுற்றல்தான். விளிம்பிலிருந்து நகர்த்தி நிழலில் உட்கார வைத்தோம். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். வைதேகி தன் முந்தானையால் விசிறினார். இரண்டாவது தடவையும் என்னை நம்பித்தானே வந்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சரிவில் பேச்சுக்குரல் கேட்டது. விறகு பொறுக்கிக்கொண்டு நாலைந்து பெண்கள் வந்தார்கள். கட்டுகளை இறக்கிவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். வைதேகி என் கையை இறுகப் பிடித்தார். எதற்குப் பயந்து பயந்து ராகவன் இத்தனை மாதம் வீட்டுக்குள் இருந்தாரோ, அது மலை மேல்கூட வந்து நின்றுவிட்டது.

"இன்னாச்சு பெரியவருக்கு?" என்றார் அவர்களில் மூத்தவர்.

நான் வாயைத் திறந்தேன். ராகவன் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கண்ணைத் திறந்திருந்தார்.

"எனக்குத் தலை சுத்தும்மா. திடீர்னு வரும். பத்து நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் குடிக்கலை."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குட்ச்சிட்டு இம்மாம் ஒசரம் ஏற முடியுமா சாமி? எங்க வூட்டு ஆளு வூட்டு வாசப்படியே ஏற மாட்டான்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பள்ளம் எதிரொலித்தது. வைதேகிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ராகவன்தான் முதலில் சிரித்தார். தோள் குலுங்க, பாறையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து இரண்டு தடவைதான் பார்த்திருப்பதாக வைதேகி பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு பெண் மடியிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு ராகவன் கேட்டார்: "இந்த வண்டிப்பாதையில அந்தப் பக்கம் இறங்குவாளே, இப்போ எப்படிப் போறா?"

"அது கல்லு ஒடைக்கச் சொல்லவே பூட்ச்சு சாமி. இப்ப எல்லாம் கீய ஏரிக்கரை மேலதான். பஸ்ஸு நிக்கிற எடத்தாண்ட ஏறி, கரையைப் புட்ச்சிக்கினு போனா நேரா மெயின் ரோடு."

ராகவன் பென்சிலை எடுத்தார். வரைபடத்தில், தான் போட்ட புள்ளிக்கோட்டின் குறுக்கே பள்ளத்தை வரைந்து, அதில் 'தண்ணீர்' என்று எழுதினார். கையெழுத்து அச்சுப் போல நேராக இருந்தது.

இரண்டரை மணி பஸ்

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். சொன்னால் சொன்னபடி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை, ஏதோ நானே ஓட்டி வந்த மாதிரி. இந்த ஒரு பஸ் வந்ததில், நான் பட்ட கடன் அடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

வைதேகி முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் போட்டுப் பையை வைத்தார். நான் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். ராகவன் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை தொடங்குகிற மண்மேட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் தலை சுற்றுகிறதோ என்று ஓடினேன்.

"ஏறுங்க சார், பஸ் நிக்குது."

"பெரியவரே!" என்று கத்தினார் கண்டக்டர். "இத்த வுட்டா ஆறு மணிக்குத்தான்!"

"நீங்க போங்கோ" என்றார் ராகவன்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். வைதேகி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏன்னா! பஸ் கிளம்பறது!"

"கிளம்பட்டும். இந்தக் கரைப் பாதையை நான் வரைஞ்சதே இல்லை வைதேகி. அப்போ கரை மேல பாதை கிடையாது. எங்கே வளைஞ்சு எங்கே போறதுன்னு பார்த்துடலாம், இறங்கி வா."

"நாலு கிலோமீட்டர் இருக்கும் சார்" என்றேன். "மெயின் ரோட்டுல எந்த பஸ் நிக்கும், எத்தனை மணிக்கு வரும், எதுவுமே எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றேளே டீச்சர், நல்ல முன்னேற்றம்."

வைதேகி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துக்கொண்டும் இருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியதும் பார்த்தோம். ராகவன் மேட்டில் ஏறிக் கரை மேல் வெகுதூரம் போயிருந்தார், கையில் வரைபடத்தோடு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

வைதேகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். மேட்டில் ஏற எனக்குக் கை கொடுத்தார். பிறகு வாயைக் குவித்துக்கொண்டு, மயிலாப்பூர் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"மெதுவாப் போங்கோன்னா! நாங்களும் வரோம்!"